ஐந்தடிக்கு ஓர் அங்குலம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன் தம்பி மினி வேனில் வந்து இறங்கினான். வீடு மாறுகிறானாம். பழைய சேலையால் சுற்றிக் கட்டிய பலகை ஒன்றை அவனும் வேன்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து என் கூடத்தில் வைத்தார்கள். "ஒங்களுக்குத்தான்னு அக்கா சொல்லிட்டுப் போச்சு. மூணு வருஷமா பரண்லயே கெடந்துச்சு. நான்தான் கொண்டாந்து குடுக்கல" என்றான். காபி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முடிச்சை அவிழ்த்ததும் காய்ந்த தேயிலையின் வாசனை வந்தது. கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் பசை, கொஞ்சம் தூசி. டீ வடிகட்டியில் தங்கும் சக்கையை நீ செய்தித்தாளில் பரப்பி மொட்டைமாடியில் காயவைப்பாய். காய்ந்ததும் அது மழை நின்று இரண்டு நாளான மண்ணின் நிறத்துக்கு வந்துவிடும். பலகை முழுக்கப் பசை தடவி அதைத்தான் தூவினாய். எத்தனை டீ குடித்திருப்போம் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு ஏக்கராவுக்குக் குடிச்சிருக்கோம் மேடம்" என்றாய்.

எல்லாம் அப்படியே இருந்தது. தண்டவாளம், ஓட்டு வீடு, கிணறு. ஒரு விறகுக் கட்டு எனக்குப் புதிது. சைக்கிள் ஸ்போக்கில் நீ செய்த கேட் கம்பம் மட்டும் ஒடிந்திருந்தது. புளியமரம், நான் வைக்கச் சொன்ன இடத்தில் நின்றது.

அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

நீ எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர், நான் விரிவுரையாளர். உன்னைவிட நான் இரண்டு வயது இளையவள். இருந்தாலும் கல்லூரிக்குள் நீ என்னை மேடம் என்றாய், வெளியேயும் அதை விடவில்லை. ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டியதும் அந்த மேடத்தோடு ஒரு 'நீ' சேர்ந்துகொள்ளும். "இன்னா மேடம், சாப்ட்டியா?" என்று நீ கேட்பதைப் பஸ் ஸ்டாண்டில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததை உன்னிடம் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் மத்தியானம், புதிதாக வந்த பல்புகளின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருந்த நெளிநெளியான அட்டையை மட்டும் நீ தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"எதுக்கு அது?"

"கூரைக்கு மேடம். ஓட்டு வூடு."

குழந்தைகள் யாருக்காவது பொம்மை வீடு என்று நினைத்தேன். அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வந்தபோதுதான் பலகையைப் பார்த்தேன். சென்னையில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கிய வெளிநாட்டு பொம்மை ரயிலின் தண்டவாளத்தை அதில் பதித்திருந்தாய். எஞ்சின் ஒரு முழம் ஓடி நின்றுவிடும். அதைப் பற்றி நீ கவலைப்படவில்லை. "எஞ்சின் ஓடாட்டி இன்னா, எனக்கு எடந்தான் வேணும்" என்றாய். நீ சின்ன வயதில் இருந்த ரயில்வே கேட் வீடு அது.

எனக்கு எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இல்லை. வீடு எந்த அளவில், கேட் எந்த அளவில் என்று கேட்டேன். கண் அளவு என்றாய். இரும்பு ஸ்கேலை வாங்கித் தண்டவாளத்தின் அகலத்தை அளந்தேன், பதினாறரை மில்லிமீட்டர். நிஜத்தில் அந்தப் பாதை மீட்டர் கேஜ், அதாவது ஆயிரம் மில்லிமீட்டர். ஆக அறுபதில் ஒரு பங்கு. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீ அதைச் சுவரில் ஒட்டிவைத்தாய். அன்றிலிருந்து அது நம் இருவரின் வேலை ஆனது. ஐந்தரை அடி ஆள் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஐம்பதடிப் புளியமரம் பத்து அங்குலம்.

வளைவை மட்டும் உண்மையான தூரத்தில் வைக்க முடியவில்லை. வீட்டு வாசலிலிருந்து எண்ணூறு அடிக்கு அப்பால் பாதை வளைந்தது என்றாய். அதற்குப் பதின்மூன்று அடிப் பலகை வேண்டும், உன் வீட்டுக் கூடமே அவ்வளவு நீளம் இல்லை. அதனால் திசையை மாற்றாமல் வளைவை மட்டும் கிட்டே இழுத்தோம். கோணம் சரியாக இருந்தால் போதும் என்று நான்தான் அனுமதி கொடுத்தேன்.

மாமல்லபுரத்துக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லிக்கு எதைப் பயன்படுத்துவது என்று மாதக்கணக்கில் யோசித்தோம். கடல் மணல் வேண்டாம் என்றாய். உப்பு இருக்கும், பசை பிடிக்காது, பிடித்தாலும் பிறகு பூத்துப்போகும். கடைசியில் சிற்பப் பட்டறைகளில் கொட்டிக் கிடக்கும் கல் தூள் உனக்கு நினைவுக்கு வந்தது.

ரோட்டோரப் பட்டறையில் தலைமுடியும் புருவமும் வெளுத்துப்போன ஒருவர் பிள்ளையாரின் காதைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, சிலை பாக்க வந்தீங்களா?"

"சிலை வேணாம் அண்ணாத்த. கீழ கெடக்குற தூளு வேணும்."

உளி நின்றது. "தூளா? கோலம் போடவா?"

"ரயிலு ஓட்ட."

அவர் என்னைப் பார்த்தார். "இவங்களும் ரயிலு ஓட்டுறாங்களா?"

"இவங்க காலேஜ் மேடம். ரயிலு கரெக்டா ஓடுதான்னு பாக்குறவங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சிமெண்ட் பையை உதறிக் கொடுத்தார். "வாரிகினு போங்க. சாமி ஒடம்புலேருந்து விழுந்தது. தண்டவாளத்துக்குப் போனா இன்னா."

திரும்பும் பஸ்ஸில் பை உன் மடியில் இருந்தது. டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுவதை மறுபடி மாவுச் சல்லடையில் சலித்தால், மேலே தங்குவதுதான் நமக்கான ஜல்லி என்று சொல்லிக்கொண்டு வந்தாய். நடுவில் நிறுத்தினாய்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். சிரிக்காத."

"சொல்லு."

"எங்க நைனா தூங்கல."

உன் அப்பாவை நீ நைனா என்றுதான் சொல்வாய். அவர் அரக்கோணம் போகும் பாதையில் ஒரு கிராமத்து லெவல் கிராசிங்கில் கேட்மேனாக இருந்தவர் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். மீதியை அந்த பஸ்ஸில் சொன்னாய். உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. வண்டி வருவதைச் சொல்லும் போன் முதல் நாள் மழையிலேயே செத்துவிட்டது. அந்த மாதிரி நாட்களில் கேட்மேன் வாசலில் உட்கார்ந்து வளைவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளைவில் எஞ்சின் தெரிந்ததும் எழுந்தால் கேட்டைச் சாத்த நேரம் இருக்கும். அன்று பெட்டிகள் இல்லாமல் தனியாக ஓர் எஞ்சின், நேரமில்லாத நேரத்தில் வந்தது. கேட் திறந்திருந்தது. குறுக்கே போன மாட்டு வண்டியை ஓட்டியவர் குதித்துத் தப்பினார். ஒரு மாடு செத்தது.

புளியமரம் மறைத்துவிட்டது, வளைவு தெரியவில்லை என்று நைனா சொன்னார். ஊர் அதை நம்பவில்லை. மற்ற நாளெல்லாம் தெரிந்த வளைவு அன்று மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்றார்கள். மற்ற நாளெல்லாம் போன் இருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கேட்மேன் தூங்கிவிட்டான் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்து, "தூங்குமூஞ்சி பொண்ணு வருதுடி, மணி அடிச்சு எழுப்பு" என்றார்களாம். நைனா தானாகவே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அந்த வாசல்ல ஒக்காந்து பாத்தா இன்னா தெரியும்னு நான் ஒரு தபா பாக்கணும் மேடம். அவ்ளோதான். பாத்துட்டு அவருக்கும் காட்டணும்."

"நேர்ல போய்ப் பார்க்கலாமே."

"வூடும் இல்ல, மரமும் இல்ல. அகலப்பாதை போடச்சொல்ல எல்லாத்தையும் வாரிகினு பூட்டாங்க."

அதற்கு அப்புறம்தான் உன் நைனாவை நான் சரியாகப் பார்த்தேன். எப்போது வந்தாலும் கூடத்தில் மர நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருப்பார். பகலில் அவர் படுத்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால்கூட நாற்காலிதான். நாம் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வோம். "இன்னாதான் பண்றீங்க ரெண்டு பேரும் உள்ள? குண்டு கிண்டு செய்றீங்களா?" என்று கேட்பார். "ஆமா நைனா, ஒனக்குத்தான்" என்பாய்.

மரத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பிகளை முறுக்கி அடிமரம், அதன்மேல் பசையும் மரத்தூளும் கலந்த பூச்சு, நகத்தால் கீறிய பட்டை. பீர்க்கங்காய் நாரைப் பிய்த்துக் கிளைகளில் சுற்றி, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத் தூவினாய். புளிய இலை அந்த அளவுக்குப் பொடியாகத்தான் இருக்கும். தாழ்ந்த கிளைகளைத் தரை வரைக்கும் வளைத்துவிட்டாய். ஊஞ்சல் ஆட அந்தக் கிளையைத்தான் பிடித்து ஏறுவாயாம். மரத்தின் அடியில் ஒரு கம்பி முனை நீண்டிருக்கும், பலகையில் துளை போட்டு அதில் செருக வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வளைவு இருக்கும் பக்கமாக ஏழு அங்குலம் தள்ளித் துளை போட்டாய். மரத்தை நிறுத்திவிட்டு என்னை மண்டிபோடச் சொன்னாய். கன்னத்தைப் பலகையில் வைத்து, வாசலுக்கு நேராக ஒரு கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"வளைவு தெரியுதா மேடம்?"

"இல்லை."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கதவைத் திறந்து நைனாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு: "இது உன் ஞாபகத்தை வெச்சு நட்ட மரம். ஒன்பது வயசு ஞாபகம். மறைக்கணும்னு நீ நினைக்கற இடத்துல வெச்சிருக்க, மறைக்குது. இதுல என்ன நிரூபணம் இருக்கு? போய் அளக்கலாம்."

நைனாவைக் கேட்கலாமா என்றாய். சம்பந்தப்பட்டவர் சொல்வது அளவீடு ஆகாது என்றேன். பத்தடி தூரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் பேசுகிற குரலில்தான் அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்தக் குரலுக்கு நீ என்றைக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனோம். புதிய அகலப்பாதை, உயர்ந்த மேடு, இடம் மாறிய ரோடு. பாதையோரப் புதருக்குள் ஒரு சிமெண்ட் தரை மட்டும் கிடந்தது. கொஞ்ச தூரத்தில், வெட்டிய ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை. நான் டேப்பை எடுத்தேன். அந்தத் தரையிலிருந்து கட்டை வரை இருபத்தைந்து அடி. ஆனால் வளைவு இருக்கும் பக்கத்தில் இல்லை, அதற்கு எதிர்ப்பக்கம். அங்கே இருக்கும் மரம் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுப்பக்கம்தான் நிழல் கொடுத்திருக்கும்.

நீ அந்தத் தரையின் மேல் ஏறி நின்றாய்.

"இது சின்னதா கீதே மேடம்."

"சின்ன வயசுல பார்த்ததெல்லாம் பெரிசாத்தான் ஞாபகம் இருக்கும்."

"கெணறு எங்க?"

"மூடியிருப்பாங்க."

"வாசப்படி மூணு இருந்துச்சு."

"மண்ணைக் கொட்டி மேடு போட்டிருக்காங்க. படி உள்ள போயிருக்கும்."

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எல்லாம் நடந்திருக்கக்கூடிய பதில்கள்தான். நீ தரையிலிருந்து இறங்கினாய். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன எண்களைச் சிறு நோட்டில் எழுதிக்கொண்டாய். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே யாரையும் நாம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நான் பலகையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன், வீட்டுக்குப் பின்னால் ஐந்து அங்குலத்தில். நீ கைத்துரப்பணத்தால் துளை போட்டு, மரத்தைப் பிடுங்கி அதில் வைத்தாய். மண்டிபோட்டு ஒரு கண்ணால் பார்த்தாய். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அப்ப அவருக்கு வளைவு நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

"அளவு அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாய். "டீ போடட்டா மேடம்?" என்று கேட்டாய். அன்று வடிகட்டியில் இருந்த சக்கையை நீ குப்பையில் கொட்டியதைப் பார்த்தேன். அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு பலகையில் வேலை நடக்கவில்லை. கேட்டால், கண் வலிக்கிறது, பசை கிடைக்கவில்லை என்றாய். நைனாவுக்கு எப்போது காட்டப் போகிறாய் என்று ஒரே ஒருமுறை கேட்டேன். "முடியல மேடம் இன்னும்" என்றாய். அவரிடம் நீ முன்பு போலவேதான் இருந்தாய், ஒருவேளை கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டாய். மருந்தை நேரத்துக்குக் கொடுத்தாய், பேப்பரை வாசித்துக் காட்டினாய். ஆனால் அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கேலி பேசுவது நின்றுபோயிருந்தது. எனக்கு அது தெரிந்தது. நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை. உண்மை தெரிந்துவிட்டது, அது கசப்பாக இருக்கிறது, காலப்போக்கில் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து நைனா இறந்தார். மத்தியானம், அந்த நாற்காலியில். துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "தூக்கத்துலயே பூட்டாரு, குடுத்து வெச்சவரு" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். நீ நிமிர்ந்து பார்த்தாய். "தூங்கல. ஒக்காந்துகினுதான் இருந்தாரு" என்றாய். நான் தலை குனிந்துகொண்டேன்.

உனக்கு நோய் வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. ரத்தத்தில் என்றார்கள். ஐந்து மாதம்தான். நான் மருத்துவமனைக்கு வந்தது மூன்று முறை. இன்னும் அதிகமாக வந்திருக்கலாம். ஆய்வகத்துக்கு வந்திருக்கும் புதிய ஆள் கால்வனாமீட்டரை எப்படிக் கெடுத்தான், பாடத்திட்டம் எப்படி மாறிவிட்டது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை நீ இடையில் சொன்னாய்: "அந்தப் பலகை ஒனக்குத்தான் மேடம். தம்பிகிட்ட சொல்லிக்கிறேன். மரம் மட்டும் லூசா கீது. பாத்துக்கோ." சரி என்றேன். தூசி தட்டும்போது கவனமாக இருக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

பலகை வந்த மறுவாரம் அந்த ஊருக்குத் தனியாகப் போனேன். ஒடிந்த கேட் கம்பத்தைச் செய்து மாட்ட வேண்டும், பழைய கம்பம் எங்காவது கிடந்தால் நீளம் பார்க்கலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிமெண்ட் தரை இன்னும் இருந்தது. பழக்கத்தில் டேப்பை எடுத்து நீட்டினேன். புதிய கேட்டுக்குப் பக்கத்தில் கூடையில் கொய்யா வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா அளந்துகினு கீற? ரோட்ட அகலம் பண்றாங்களா?"

"இல்லம்மா. பழைய கேட் வீடு இருந்த இடம், அதான் பார்க்கறேன்."

"கேட்டு வூடா? அது ஏன் அங்க தேடுற? அது கூலியாளுங்க கொட்டா. அகலப்பாதை போடச்சொல்ல சாமான் வெக்கறதுக்குக் கட்டுனாங்க. கேட்டு வூடு தோ, இந்தாண்ட. இப்ப ரோடு போவுது பாரு, அதுக்கு அடியில பூட்ச்சு. கெணறும் அங்கதான்."

அவர் கை காட்டிய இடம் அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம். நான் டேப்பைப் பிடித்தேன். கட்டையிலிருந்து முப்பத்தைந்து அடி. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்றால் ஏழு அங்குலம். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் மரம் வளைவு இருக்கும் பக்கத்தில்.

நீ முதலில் துளை போட்ட இடம்.

"அந்த மரம் என்ன மரம்மா?"

"புளிய மரந்தான். எம்மாம் பெருசு. கெள தரைக்கு வந்து பொரளும்." பிறகு சொன்னார்: "எப்பவோ ஒரு தபா ரெண்டு பொம்பளைங்க வந்து இதே மாதிரி டேப்பு புடிச்சிகினு இருந்தாங்க. லோன் குடுக்க வந்தவங்கன்னு நெனச்சேன்."

"அந்தக் கேட்டுக்காரரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? நல்ல மனுசன். என்னா, ஒரு நாளு தூங்கிட்டாரு. மாடு அடிபட்டுப் பூட்ச்சு."

"தூங்கல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மரம் மறைச்சுது. வாசல்லேருந்து வளைவு தெரியாது."

அவர் திரும்பி, இல்லாத மரத்தையும் அதற்கு அப்பால் வளைவையும் பார்த்தார். "இருக்கும்" என்றார். "மரம் பெருசுதான். கொய்யா வேணுமா, காயா பழமா?"

இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பை மடியில் இருந்தது. முப்பது வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் முதல் வகுப்பில் நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால், எங்கிருந்து அளந்தாய் என்று எழுது. என் எண்களில் ஒன்றுகூடப் பிழை இல்லை. நான் நின்ற இடம்தான் தவறு. நீ அந்தத் தரையில் ஏறி நின்று மூன்று முறை சொன்னாய், இது அந்த வீடு இல்லை என்று. உன் காலுக்குத் தெரிந்தது. சின்னதாக இருக்கிறது, கிணறு இல்லை, படி இல்லை. அதைவிடத் தெளிவாக எந்த மாணவியும் எனக்கு ஆய்வுக் குறிப்பு தந்ததில்லை.

வீட்டுக்கு வந்து புளியமரத்தை மெல்லப் பிடுங்கினேன். லூசாகத்தான் இருந்தது. நீ அதற்குப் பசையே போட்டிருக்கவில்லை. முன்பு துளை இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே விறகுக் கட்டு இருந்தது. சவுக்குக் குச்சிகளை நறுக்கி நூலால் கட்டி வைத்திருந்தாய். மரத்தை மாற்றிய பிறகு நீ செய்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பலகை என் வீட்டுக்கு வருவதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பலகையில் எல்லாவற்றையும், கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கும் வாளியைக்கூட, பசை போட்டு ஒட்டியவள் நீ. விறகுக் கட்டை மட்டும் சும்மா வைத்திருந்தாய். அடியில் உன் துளை அப்படியே திறந்திருந்தது.

மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. உறுதியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது என் பழக்கம். ஆனால் ஆய்வக மேஜையில் ஆணி பிடுங்கிய ஓட்டையைக்கூட மெழுகும் மரத்தூளும் அடைத்துத் தேய்த்து மறைப்பவள் நீ. என்னோடு வாதாடாமல், என் அளவையும் தள்ளாமல், உன் இடத்தையும் விடாமல் வைத்திருந்தாய். அந்த நான்கைந்து வருடமும் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் நீ எதை நம்பினாய் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. சில நாள் நைனாவை, சில நாள் என்னை என்று இருந்திருக்கலாம். அந்தச் சில நாட்களை நான்தான் உனக்குக் கொடுத்தேன்.

மரத்தின் கம்பி முனை அந்தத் துளைக்குள் தடையில்லாமல் இறங்கியது.

உன் தம்பிக்குப் போன் செய்து வரச் சொன்னேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிறந்தவன் அவன். ஊர்ப்பேச்சை மட்டும் அரைகுறையாகக் கேட்டு வளர்ந்திருக்கிறான். ஒன்றும் விளக்காமல், மண்டிபோட்டு வாசலுக்கு நேராக ஒரு கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"இன்னாக்கா இது, இந்த வயசுல" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான்.

"என்ன தெரியுது?"

"மரந்தான் தெரியுது."

"அதுக்கு அப்பால ஒரு வளைவு இருக்கு பார்."

தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "எங்கக்கா? ஒண்ணும் தெரியல."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். போன், தூறல், தனியாக வந்த எஞ்சின். நான் அளந்தது, எங்கிருந்து அளந்தேன் என்பது. அவன் எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் தேயிலைத் தூள் ஒட்டியிருக்க, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நைனா இத்தப் பாத்தாரா?"

"இல்ல."

"அக்கா?"

"பார்த்தா. ஒரு வாரம் மட்டும்."

போகும்போது வாசலில் நின்று, "அடுத்த ஞாயித்துக்கெழமை பசங்களக் கூட்டிகினு வரேன்க்கா. அவங்களும் பாக்கட்டும்" என்றான். வரட்டும். அவர்களையும் மண்டிபோடச் சொல்வேன்.

கேட் கம்பத்துக்குப் புது ஸ்போக் வாங்கிவிட்டேன். உன் அளவுக்கு நேராக வெட்ட வரவில்லை, மூன்றாவதுதான் சரியாக வந்தது. விறகுக் கட்டைக் கிணற்றடியில் வைத்துப் பசை போட்டுவிட்டேன். இனி அது எதையும் மறைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து அங்குலத்தில் என் துளை இருக்கிறது. தேயிலைத் தூள் உதிர்ந்த இடத்தில் என் பென்சில் குறியின் ஒரு கோடு இன்னும் தெரிகிறது. மெழுகும் மரத்தூளும் வீட்டில் இருக்கின்றன. எப்படி அடைப்பது என்று உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டும் இருக்கிறேன். அதை நான் அடைக்கவில்லை. தம்பியின் பிள்ளைகள் இது என்ன ஓட்டை என்று கேட்பார்கள். அங்கே நின்றுதான் அளந்தேன் என்று சொல்வேன்.